வயல் வேலையும் தொந்தியும்: கேள்வி பதில்

வருஷம் முழுக்கக் காடுகழனி வேலைதான். அப்புறமும் தொந்தி எப்படிண்ணா விழுது?

"வருஷம் முழுக்க" என்பதை ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பாருங்கள் தம்பி. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், வரப்பு வரைக்கும் பைக். உடம்பு வளைவது நடவு, களையெடுப்பு நாட்களில்தான். அதுவும் பெரும்பாலும் பெண்கள். தட்டில் விழும் சோறு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. 60 கிலோ ஆள் அதைக் கரைக்க ஒன்றரை மணி நேரம் வேக நடை போட வேண்டும். வேலையில்லாத நாளில் ஒரு கரண்டியைக் குறைப்பது சுலபம்.

உயரம் 160 செ.மீ., எடை 62 கிலோ. ஒல்லி என்கிறார்கள், ஆனால் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது.

எடை 62-ஐ மீட்டரில் உயரமான 1.6-ஆல் இரண்டு முறை வகுத்தால் 24.2. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் இந்த எண்தான் பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-இல் பருமன். கைகால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வருவது நம் ஊர் வாகு. எடை மெஷின் அதைச் சொல்லாது, டெய்லர் டேப் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், வெறும் தோலில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கவும். வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் வயிறு அதற்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும், அளவு குறைத்துக் காட்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 எல்லை.

முகாமில் மெஷின் மேல் நின்றபோது கொழுப்பு 34%. மறுவாரம் 29. எது சரி?

இரண்டையும் விடுங்கள். அது உடம்பிலுள்ள தண்ணீர் வழியாக லேசான மின்சாரத்தை அனுப்பிக் கணக்குப் போடுகிறது. வெயிலில் வேர்த்து வந்து நின்றால் தண்ணீர் குறைவு, கொழுப்பு கூடுதலாகக் காட்டும். காய்ப்பேறிய, மண் ஒட்டிய பாதமும் கெடுக்கும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, ஒரே மெஷினில் மாதம் ஒருமுறை பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் ஏறவே கூடாது.

நூறு நாள் வேலைக்குப் போறேன். அது போதாதாண்ணா?

மண் வெட்டிக் கூடை தூக்கினால் போதும்மா. மரத்தடியில் உட்கார்ந்த நேரம் கணக்கில் வராது. வாரம் 150 நிமிடம், பேச முடிந்து பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு 66. காலமெல்லாம் உழைத்தவர், இப்போது வீட்டோடு. பயிற்சி வேண்டுமா?

அவருக்குத்தான் முதலில் வேண்டும். உழைத்த தசை சேமிப்புக் கணக்கில் கிடக்காது. வேலை நின்றதும் தொடைதான் முதலில் வற்றும். சுவரோரம் நாற்காலி போட்டு, கைகளை நெஞ்சில் கட்டி, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். அந்த வயதுப் பெண்ணுக்கு 11-க்குக் கீழே என்றால் கால் பலம் குறைவு. ஒருநாள் விட்டு ஒருநாள், பத்துப் பத்தாக இரண்டு முறை செய்யட்டும். முழங்கால் வலித்தால் உயரமான இருக்கை போடுங்கள்.

ரசம் சோறு மட்டும் தின்று தசை ஏறாது. 50 கிலோ உடம்புக்கு நாளுக்குச் சுமார் 42 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.