எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்கிறார், குளிக்க மட்டும் மறுக்கிறார்: என் பதில்

வணக்கம் சகோதரி. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகர முதியோர் இல்லத்தில், அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அங்குள்ள பழங்குடிப் பாட்டி எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறார், குளிக்க மட்டும் வருவதில்லை, நினைவாற்றல் சோதனையிலும் மதிப்பெண் குறைவு, டிமென்ஷியா எனும் மறதி நோயா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். ஃபைலோடு எதிரே உட்கார்ந்து அடுக்கடுக்காகக் கேட்டால், பேச்சு முடிந்தால் போதும் என்று பலர் ஆமாம் சொல்லிவிடுவார்கள். வழக்கமான சோதனையை ஓரமாக வைத்துவிட்டு, கிகா எனப்படும் கிம்பர்லி பழங்குடியினர் அறிதிறன் மதிப்பீட்டை எடுங்கள். சீப்பு, தீப்பெட்டி, தகரக் குவளை என்று கைக்குப் பழகிய பொருள்களைக் காட்டி, பிறகு நினைவிருக்கிறதா என்று கேட்பது அது. குடும்பத்தாரிடம் கேட்கவும் தனிப் பகுதி உண்டு.

குளியல் விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. 1970கள் வரை பழங்குடிப் பிள்ளைகள் பலரை அரசு பெற்றோரிடமிருந்து பிடுங்கி விடுதிகளில் அடைத்தது. அந்தத் தலைமுறைதான் இன்று முதியோர் இல்லங்களில் இருக்கிறது. பூட்டிய கதவு, சீருடை, நேரம் பார்த்துக் குளியல் என்றால் பாட்டிக்கு அந்த விடுதியே திரும்ப வந்ததுபோல் இருக்கலாம். நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். பழங்குடிப் பெண் சுகாதாரப் பணியாளர் ஒருவரை அழையுங்கள். யார் குளிப்பாட்டலாம், எப்போது என்பதைப் பாட்டியும் அவரும் முடிவு செய்யட்டும். அதை அப்படியே பராமரிப்புத் திட்டத்தில் எழுதுங்கள்.

அப்புறம், பழங்குடியினரே நடத்தும் ‘இண்டிஜினஸ் அலைட் ஹெல்த் ஆஸ்திரேலியா’ என்ற, தெரபிஸ்டுகள் போன்ற சுகாதாரத் துறையினருக்கான அமைப்பின் பண்பாட்டுப் பயிற்சியில் சேருங்கள். பழங்குடியினர் அல்லாத நம்மைப் போன்றவர்களும் சேரலாம்.