ஓ.டி.பி. சொன்னது நீங்கள், கடனும் உங்களுடையது

கேள்வி: வியாபாரத்துக்கு என்று கேட்ட மைத்துனரிடம் என் கிரெடிட் கார்டைக் கொடுத்தேன். அவர் கேட்டபோதெல்லாம் ஓ.டி.பி.யும் சொன்னேன். 2,80,000 ரூபாய் செலவழித்துவிட்டு இப்போது கட்ட மறுக்கிறார். குடும்பமே அவர் பக்கம் நிற்கிறது. வசூல் முகவர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்கிறார்கள். வங்கி அனுப்பிய பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பிவிட்டேன். அவர்மீது மோசடிப் புகார் கொடுத்தால் என் கடன் தீருமா?

பதில்: தீராது. நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஓ.டி.பி. பற்றிய வரி மட்டும்தான். நீங்களே அனுமதித்த செலவை, அனுமதியின்றி நடந்தது என்று வங்கியிடம் வாதாட முடியாது. மைத்துனரிடம் பணத்தை மீட்பது தனி உரிமையியல் வழக்கு; அவர் கடனை ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். முகவர்களின் தொல்லைக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் அந்தப் புகாரால் பாக்கி குறையாது.

என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் திருப்பியனுப்பிய தபால். அது நடுவர் விசாரணைக்கான (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்லும் ‘ஆர்பிட்ரேஷன்’) அறிவிப்பாக இருந்தால், வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே கருதப்படும். வங்கி தானே தனி நடுவரை நியமித்திருந்தால் அதை எதிர்க்க வலுவான வாதம் உண்டு. 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே துணை நிற்கின்றன. அந்த வாதத்தை எடுத்துவைக்க ஆள் வர வேண்டுமே! யாரும் வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரும். அதை எதிர்க்க மூன்று மாதமும், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாளும்தான் அவகாசம். பிறகு அது நீதிமன்றத் தீர்ப்பாணைபோல நிறைவேற்றப்படும். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக, எஞ்சியது ஜப்தியாகும். சம்பள ஜப்தி பற்றி அலுவலகக் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்த பிறகே என்னிடம் ஓடிவந்தவர்கள் பலர். அப்போது என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

ஆகவே குறைத்த தொகையில் கடனை முடிக்க வங்கியோடு சமரசம் (செட்டில்மென்ட்) செய்துகொள்ளுங்கள். தபாலில் வந்தது என்ன என்று வங்கியில் இன்றே விசாரியுங்கள். செட்டில்மென்ட் கடிதம் வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலில் வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். முகவர் போனில் சொன்ன தொகையை நம்பிக் கட்டியவர்களுக்கு அது வட்டியில் கழிந்து, அசல் அப்படியே நின்றதைக் கண்டிருக்கிறேன். கடிதத்தில் மொத்தத் தொகை, கடைசித் தேதி, வழக்கோ நடுவர் விசாரணையோ இருந்தால் அது திரும்பப் பெறப்படும் என்ற உறுதி மூன்றும் இருக்க வேண்டும். ஆனால் இப்படி முடித்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும். முழுத் தொகையையும் புரட்ட முடிந்தால் அதையே கட்டிவிடுங்கள்.