‘கடலோர வீடு’ என்றால் எந்தக் கடல்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஆகஸ்ட் விடுமுறையில் 72 வயது அம்மாவையும் (முழங்கால் வலி உண்டு) ஆறு, ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் சனக்கூட்டம் இல்லாத கடற்கரையில் மூன்று நாள் தங்க ஆசை. பேஸ்புக்கில் ஒருவர் இரண்டு வீடுகளைக் காட்டினார். ஒன்று பாசிக்குடாவில் ‘கடலோர வீடு’. மற்றது நாவலடியில், ‘முன்னால் கடல், பின்னால் வாவி’. முழு வாடகையையும் இன்றே வங்கியில் போட்டால்தான் வைத்திருப்பாராம். எதை எடுக்கலாம்?

பதில்: சகோதரி, முதலில் பணத்தைப் போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

‘கடலோரம்’ என்ற சொல்லை எங்கள் ஊர்த் தரகர்கள் ரப்பர் போல இழுப்பார்கள். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்காக நானே ஒருவரிடம் முற்பணம் கொடுத்தேன். படத்தில் வாசலுக்கு நேரே நீலத் தண்ணீர். போய்ப் பார்த்தால் அது வாவி. கடலைப் பார்க்க ஓட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. “தண்ணீர் தண்ணீர்தானே அண்ணன்” என்றார் அந்த மனிதர். பயணிகளைக் கூட்டிக்கொண்டு திரிவதே தொழிலாக இருக்கிற எனக்கே இந்தக் கதி.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. வீட்டுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார். திறப்பு ஒரு சொந்தக்காரரிடம் இருக்கும். அவரிடமிருந்து அது தரகரின் கைக்குப் போகும். உங்களுக்கு வாடகைக்கு விட்ட செய்தி வீட்டுக்காரருக்கே தெரியாது. நீங்கள் பெட்டிகளோடு போய் இறங்கும் நாளில் அவருடைய அக்கா குடும்பம் உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும். யாரோடு சண்டை பிடிப்பீர்கள்?

ஆகவே அந்த மனிதரிடம் மூன்றே விடயங்கள் கேளுங்கள். வீட்டு வாசலில் தொடங்கி அலை கால் நனைக்கும் இடம் வரை நடந்துகொண்டே, இடையில் நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான கடலோர வீடாக இருந்தால் அது இரண்டு நிமிட வேலை. பிறகு, வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அவர் வீட்டுக்காரருக்கு என்ன உறவு என்று கேளுங்கள். கடைசியாக, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இலக்கம். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் ஒரு நாள் வாடகையை மட்டும் முற்பணமாகக் கொடுங்கள். மிச்சம் திறப்பு கையில் கிடைத்த பிறகு. “வேறு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்” என்றால் அந்த வேறு ஆட்களுக்கே கொடுக்கட்டும்.

பதிவு இலக்கம் இருந்தால் எல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லாததைவிட நல்லது, அவ்வளவுதான். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டிடம் எழுப்ப அனுமதி வேண்டும். காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் ஒரு வீட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் ஒருமுறை அலைந்தபோது, முதல் அலுவலகம் இரண்டாவதற்கு அனுப்பியது, இரண்டாவது மூன்றாவதற்கு அனுப்பியது, மூன்றாவது மறுபடி முதலாவதற்கே அனுப்பியது. தரகருக்கு இந்தச் சுற்று நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

இனி இடத்துக்கு வருவோம். அம்மாவும் சிறு பிள்ளைகளும் குளிப்பதற்கு இந்த மாவட்டத்தில் பாசிக்குடாவுக்கு நிகரான இடம் இல்லை. வளைந்த குடா, ஆழமில்லாத தரை. வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஆனால் சனமில்லாத இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சனி, ஞாயிறிலும் போயா நாளிலும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பக்கத்திலேயே இருக்கும் கல்குடா அதற்கு நேர் எதிர். நீண்ட மணல், சில மீன் வாடிகள், விட்டால் காற்று. அது திறந்த கடல் என்பதால் பிள்ளைகளை அங்கே இறக்காதீர்கள். கல்குடாவில் தங்கி, காலையில் பாசிக்குடாவுக்குப் போய்க் குளித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புங்கள். திங்கள் முதல் வியாழன் வரை வந்தால் நீங்கள் கேட்ட அமைதி கிடைக்கும்.

அறுகம்பையைச் சொல்வார்கள். அது அலைச்சறுக்குக்காரர்களின் ஊர், ஆகஸ்டில் நிரம்பி வழியும். விட்டுவிடுங்கள்.

நாவலடி வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லடி, டச்பார் தாண்டி, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நாக்குப் போல நீளும் மணல் அது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அந்த ஊரை வாரிக்கொண்டு போனது. இன்று அமைதியான இடம்தான், அழகும்தான். சிக்கல் எல்லாம் நாக்கின் நுனியில், வாவி கடலில் சேரும் வாயான முகத்துவாரத்தில். ஆகஸ்டில் எங்கள் கடல் அடங்கியிருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். முகத்துவாரத்துக்கு மட்டும் அந்தப் பேச்சுப் பொருந்தாது. வாய் திறந்திருந்தால், கடல் வற்றும் நேரத்தில் வாவித் தண்ணீர் அந்த ஒடுங்கிய வழியால் கடலுக்குப் பாயும். மேலே பார்த்தால் கண்ணாடி போல இருக்கும். கீழே இழுத்துக்கொண்டு போகும். மழையில்லாத மாதங்களில் மணல் சேர்ந்து வாய் அடைபட்டுவிடும். அப்போது பயமில்லைத்தானே என்று கேட்காதீர்கள். முன்பு தண்ணீர் அரித்த பள்ளங்கள் அங்கேயே கிடக்கும். முழங்காலளவு என்று ஓரடி வைத்தால் அடுத்த அடியில் ஆளே மூழ்கலாம். போன வருடம் ஆழமில்லாதிருந்த இடம் இந்த வருடம் அப்படியே இருக்கும் என்றும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு மாரியும் அந்த மணலை மாற்றி எழுதுகிறது. எச்சரிக்கைப் பலகை ஒன்று நட என்ன செலவாகும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளையோடு அங்கே மூன்று நாள் இருந்தால் மூன்று நாளும் நீங்கள் காவல்தான் காக்க வேண்டும். வேண்டாம்.

பாசிக்குடாவிலும் ஒரு கவனம் தேவை. ஆகஸ்டில் எங்களுக்குக் கச்சான் காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால்தான் கரையோரம் அலையில்லாமல் இருக்கிறது. அதே காற்றுத்தான் பிள்ளை ஏறியிருக்கும் ரப்பர் வளையத்தைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளும். கரையில் விற்கும் அந்த வளையங்களை வாங்காதீர்கள், எவ்வளவு அழுதாலும்.

திகதியைத் தீர்மானிக்கும் முன் நாட்காட்டியில் ஆடி அமாவாசை எப்போது என்று பாருங்கள். ஜூலைப் பிற்பகுதியிலோ ஆகஸ்டிலோ வரும். அன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோவிலில் தீர்த்தம். தெற்கே திருக்கோவிலில் சனம் கடலிலேயே தீர்த்தமாடும். அந்தக் கிழமை மட்டக்களப்பு நகரில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை வேறு.

ரயிலில் வருவதாக இருந்தால் மட்டக்களப்பு வரை டிக்கெட் எடுக்காதீர்கள். வாழைச்சேனையும் கல்குடாவும் அதற்கு முன்பே வந்துவிடும். தெரியாமல் நகரில் இறங்கியவர்களை முப்பது கிலோமீற்றருக்கும் மேல் திருப்பிக் கொண்டுவந்து விடுவதையே சில வான்காரர்கள் பிழைப்பாக வைத்திருக்கிறார்கள். “நீங்கள் சொல்லும் வீடு மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்” என்று சொல்பவர் அந்த வேறு இடத்தில் கமிஷன் வாங்குபவர்.

அம்மாவுக்காக வீட்டுக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் கதிரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாசிக்குடாவில் அதைத் தண்ணீருக்குள்ளேயே போட்டு முழங்கால் நனைய இருத்திவிடலாம். கரையில் கதிரையை மணிக்கணக்கு வாடகைக்குத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவரிடம் எடுக்காதீர்கள்.