மினிடிஎல்என்ஏ பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மினிடிஎல்என்ஏன்னா நம்ம டிஸ்க்ல இருக்கற படம், பாட்டு, போட்டோவ வீட்டு நெட்வொர்க் வழியா டிவிக்கு குடுக்கற சின்ன சர்வர் ப்ரோக்ராம். வீட்டுல ஒரு ராஸ்பெர்ரி பை 3-ங்கற குட்டி கம்ப்யூட்டர்ல இதத்தான் ஓட்டிட்டிருக்கேன். ரெடிமீடியான்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா வாய்ல பழைய பேருதான் வருது.

கேள்வி: ஜெல்லிஃபின் இருக்கே, எதுக்கு இது?

பதில்: ஜெல்லிஃபினும் ஒரு மீடியா சர்வர்தான், நல்லதுதாங்க, 2018-ல எம்பிங்கற (Emby) இன்னொரு சர்வர் தன்னோட கோட வெளிய காட்டாம மூடுனப்போ அதுலருந்து பிரிஞ்சு வந்தது, போஸ்டர் கதைச்சுருக்கம்லாம் அழகா காட்டும். ஆனா டிவிக்கு ஏத்த மாதிரி வீடியோவ மாத்த ஆரம்பிச்சா என் ராஸ்பெர்ரி பைக்கு மூச்சு வாங்கிடும். மினிடிஎல்என்ஏ மாத்துற வேலையே வச்சுக்காது, ஃபைல அப்படியே தூக்கி குடுக்கும், பாடு டிவியோடது.

கேள்வி: அண்ணா, டிவில சர்வர் பேரு வருது, உள்ள போனா காலி. ஹார்டு டிஸ்க்ல 400 படம் இருக்கு.

பதில்: பெர்மிஷன் பிரச்சன தம்பி, டிஸ்க்க படிக்க சர்வருக்கு அனுமதி இல்ல. ப்ரோக்ராம் மினிடிஎல்என்ஏங்கற தனி யூசர்ல ஓடுது, டெஸ்க்டாப்ல தானா மவுண்ட் ஆகுற டிஸ்க் உன் யூசருக்கு மட்டும்தான் கதவ திறக்கும். நானும் இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழம பூரா கான்ஃபிக் ஃபைல மாத்தி மாத்தி எழுதி வீணாப்போனேன். எந்த டிஸ்க் எங்க மவுண்ட் ஆகணும்னு எழுதற எஃப்எஸ்டேப் (/etc/fstab) ஃபைல்ல போட்டு எல்லாரும் படிக்கற மாதிரி மவுண்ட் பண்ணு, மினிடிஎல்என்ஏவுக்கு கேபிடல் ஆர் (-R) ஆப்ஷன் குடுத்து டேட்டாபேஸ மொதல்லருந்து கட்ட சொல்லு. அப்புறம் பிரவுசர்ல பையோட ஐபி முகவரியும் பின்னாடி :8200-ம் போட்டு பக்கத்த தொற, வீடியோ எத்தனன்னு நம்பர் நிக்கும், அது ஏறுனா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்.

கேள்வி: லேப்டாப்ல தெரியுது, டிவில சர்வரே காணோம்.

பதில்: டிவி கெஸ்ட் வைஃபைல, அதாவது விருந்தாளிக்குன்னு தனியா விடற நெட்வொர்க்ல இருக்கா பாருங்க. சர்வர் "நான் இங்க இருக்கேன்"னு 239.255.255.250-ங்கற பொது முகவரிக்கு, 1900 போர்ட்ல கூவும், கெஸ்ட் நெட்வொர்க்ல அந்த சத்தம் உள்ள போகாது.

கேள்வி: படம் ஓடுது, சத்தம் மட்டும் வரல.

பதில்: ஆடியோ டிடிஎஸ்ங்கற ஃபார்மேட்ல இருக்கும், நெறைய டிவிக்கு அது புரியாது. எஃப்எஃப்எம்பெக்ங்கற (ffmpeg) ப்ரோக்ராம்ல வீடியோவ தொடாம ஆடியோவ மட்டும் ஏசி3 ஃபார்மேட்டா ஆக்குங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்.

கேள்வி: ஊருக்கு போனா அங்கருந்து பாக்க ரௌட்டர்ல போர்ட் திறந்து விடலாமா?

பதில்: ஐயோ வேணாம்ங்க, இதுல பாஸ்வேர்டே கெடையாது, குடும்ப போட்டோ வர எவன் வேணா பாப்பான். வெளிய இருந்து பாக்கணும்னா ஜெல்லிஃபின் போட்டு வயர்கார்டுங்கற விபிஎன் வழியா வாங்க, அதுக்கு கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டர் வேணும்.