பழுதான டிவியை ரிப்பேர் பார்ப்பதா, புதிதே வாங்கிவிடலாமா?

ஆறு வருடப் பழைய எல்இடி டிவி, சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லை என்கிறீர்கள். முதலில் இதைச் செய்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிகிறதா? தெரிந்தால் பேனல், அதாவது படம் காட்டும் திரை, நன்றாக இருக்கிறது. போயிருப்பது பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட், அல்லது அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி. தைரியமாக ரிப்பேருக்குக் கொடுக்கலாம்.

பேக்லைட் பட்டைகளில் எல்இடி எனும் குட்டி விளக்குகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கும். ஒன்று அணைந்தாலே மொத்தமும் இருண்டுவிடலாம். போன ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றவையும் அதே ஆறு வருடம் எரிந்தவைதான், பட்டைகளை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் டிவி செட்டிங்கில் பேக்லைட் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் சூடு குறைந்து கூடுதல் நாள் உழைக்கும்.

பேனலே விரிசல் விட்டிருந்தால் பேச்சே இல்லை. டிவியில் விலை கூடிய பாகம் அதுதான், புதிதே வாங்கிவிடுங்கள்.

நானும் ஒரு காலத்தில் பொருளின் வயதைக் கேட்டுத்தான் முடிவு சொல்வேன். என் மானிட்டர் ஒன்று ஆன் ஆகாமல் போனபோது புதிதுக்கு ஆர்டர் போடவே இருந்தேன். சும்மா கழற்றிப் பார்ப்போமே என்று திறந்தால், பவர் சப்ளை போர்டில் இரண்டு கெப்பாசிட்டர்களின், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்களின், தலை உப்பியிருந்தது. சுண்டுவிரல் நுனி அளவு சமாச்சாரம். அதே கொள்ளளவு (மைக்ரோஃபாரட்), அதே வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கிச் சால்டர் வைத்தேன். பிறகு நான்கு வருடம் ஓடியது.

எதிர்மாறாகவும் ஏமாந்திருக்கிறேன். பழைய போனுக்குத் திரை மாற்றினேன், ஆறே மாதத்தில் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டது. போன் என்றால் இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன். அப்டேட் இன்னும் சில வருடம் உண்டு, பேட்டரி மட்டும் தளர்ந்திருக்கிறது என்றால் யோசிக்காமல் பேட்டரியை மாற்றுவேன். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம்.

ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு என்பார்கள். சரிதான், ஆனால் அன்று நீங்கள் கொடுத்த விலையில் பாதி அல்ல, அதே தரத்தில் இன்று கிடைப்பதன் விலையில் பாதி. "போர்டு போச்சு" என்று மட்டும் சொன்னால் எந்தப் போர்டு, எந்தப் பாகம், மாற்றினால் எத்தனை மாத உத்தரவாதம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளிடம் காட்டுங்கள்.

கழற்றிப் பார்க்கும் ஆசை எனக்கு நிறைய உண்டு, மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் தொடமாட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.