விளக்கக் கடிதத்தில் 'வீண்பழி' என்று எழுதலாமா?

கேள்வி: கூட்டுறவுப் பண்டகசாலையில் இருப்புக் குறைவுக்காக எனக்குக் குறிப்பாணை வந்துள்ளது. பதிலில் "என் மீது வீண்பழி சுமத்தியுள்ளார்கள்" என்று எழுதலாமா? பழி, குற்றம், பொறுப்பு எல்லாம் ஒன்றுதானா?

'பழி'யை எடுத்துவிடுங்கள். 'சுமத்து' இருக்கட்டும்.

நட – நடத்து, கிட – கிடத்து போல, சும – சுமத்து. சுமக்க வைப்பது என்று பொருள். சும்மாடு கட்டித் தலைச்சுமை தூக்கியவர்களுக்கு இது கண்முன் நிற்கும்: கனத்த மூட்டையைத் தானே தலைக்கு ஏற்ற முடியாது, பக்கத்தில் ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அந்த இன்னொருவரின் கைதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஏற்றிவிட்டார்கள் என்பதை மட்டும்தான் இது சொல்கிறது. மூட்டை உங்களுடையதா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. அதனால்தான் "என் மீது சுமத்தப்பட்டுள்ள குற்றச்சாட்டை மறுக்கிறேன்" என்ற தொடர் அலுவலகக் கடிதத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. மலையாளத்திலும் குற்றத்தைச் 'சுமத்து'கிறார்கள்.

பழி வேறு. "புகழெனின் உயிருங் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்" என்கிறது புறநானூறு (182). அங்கே பழி, புகழுக்கு எதிர்ச்சொல். ஊர் தூற்றும் பேச்சு. "தினைத்துணையாம் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்" என்ற குறளில் (433) குற்றமும் பழியும் அடுத்தடுத்தே நிற்கின்றன: குற்றம் செய்தது, பழி அதனால் வரும் இழிசொல். இன்றைய வழக்கிலோ 'பழி சுமத்தினார்' என்றாலே வேண்டுமென்று பொய்யாகச் சொன்னார் என்றுதான் காதில் விழும். குறிப்பாணையில் கையெழுத்திட்டவருக்கு உள்நோக்கம் இருந்ததாக நீங்களே ஒரு குற்றச்சாட்டை வைத்தது போலாகிவிடும். பிறகு அதை மெய்ப்பிக்கும் வேலையும் உங்கள் தலையில்.

பொறுப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இதன் வேர் 'பொறு', அதாவது தாங்கு. "நான் பொறுப்பில்லாதவன்" என்று எழுதினால் அக்கறையற்றவன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். "இந்தக் குறைவுக்கு நான் பொறுப்பல்ல" என்பதே சரி. அதையும் தனியாக விடாதீர்கள்; நாளையும் எண்ணிக்கையையும் ஒட்டவையுங்கள். உங்கள் வழக்கில் உண்மை இப்படி இருந்தால் இப்படி: "12-ஆம் தேதி இருப்புப் பதிவேட்டில் 40 மூட்டை குறைந்தது. 10 முதல் 13 வரை நான் விடுப்பில் இருந்தேன். கிடங்குச் சாவியை 9-ஆம் தேதி மாலை கையெழுத்துப் பெற்று ஒப்படைத்தேன்." ஒப்படைத்த பதிவின் நகலையும் இணையுங்கள்.

வேற்றுமையிலும் கவனம் வேண்டும். 'என் மீது சுமத்தினார்' சரி, 'என்னைச் சுமத்தினார்' தவறு. சாட்டுதலுக்கு 'என்னைக் குற்றஞ்சாட்டினார்', 'என் மீது குற்றஞ்சாட்டினார்' இரண்டும் வழக்கில் உண்டு.

கடைசி வரியில் பழக்கதோஷத்தில் "பொறுத்தருள வேண்டுகிறேன்" என்று முடித்துவிடாதீர்கள். பொறுக்கச் சொன்னால், பொறுக்க ஒரு பிழை இருந்ததாகவே கோப்பில் படிப்பார்கள். "குற்றச்சாட்டைக் கைவிட வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள்.