கட்டடக்கலை படிக்கப் போகும் பிள்ளைக்கு லேப்டாப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழக இடம் கிடைத்த செய்தி வந்ததுமே சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெற்றோர் ஈப்போவுக்கு லேப்டாப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். வந்த கேள்விகளில் கட்டடக்கலை மாணவர்களுக்கானவை மட்டும் இங்கே.

மகளுக்குக் கட்டடக்கலையில் இடம் கிடைத்திருக்கிறது. கடையில் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறார்கள். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளதை நாங்கள் ஏன் வாங்க வேண்டும், ஐயா?
*– செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தாய்*

கடைக்காரர் இந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை, அம்மா. விளையாட்டுக்கும் கட்டடத்தை முப்பரிமாணத்தில் காட்டுவதற்கும் தனி கிராஃபிக்ஸ் சிப் வேண்டும். அப்படிக் காட்டும் லூமியன், டி5 ரெண்டர் போன்ற மென்பொருள்கள் அது இல்லாமல் உருப்படியாக ஓடாது. அந்தச் சிப்பில் ஆர்டிஎக்ஸ் 4050 அல்லது 5050 போதும். அதற்கு மேல் போகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். ரேம் (ஓடும் வேலையைத் தாங்கும் நினைவகம்) 16 ஜிபி, பிறகு கூட்டிக்கொள்ள ஒரு ஸ்லாட் காலியாக இருப்பது நல்லது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் குறையக் கூடாது.

ஏமாறுவது திரையில்தான். ஒரே மாடலில் ஆயிரம் வெள்ளி மலிவாக ஒன்று இருந்தால், பெரும்பாலும் அதன் திரை மங்கலானது. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பது விவர அட்டையில் இருக்கும், அதில் '100% எஸ்ஆர்ஜிபி' (sRGB) என்று இருக்கிறதா பாருங்கள். '45% என்டிஎஸ்சி' (NTSC) என்று இருந்தால் வேண்டாம். அந்தத் திரையில் செங்கல் சுவர் வெளுத்துத் தெரியும், பிள்ளை நிறத்தைக் கூட்டிக்கொண்டே போவாள், அச்சில் சுவர் ரத்தச் சிவப்பாக வந்து நிற்கும்.

வாங்கிய பிறகு ஒரு வேலை உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராஃபிக்ஸ். அங்கே ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் சாதாரணச் சிப்பிலேயே ஓடும், காசு கொடுத்து வாங்கிய சிப் சும்மா கிடக்கும்.

இன்னொன்று. கட்டடக் கலைஞர்களைப் பதிவு செய்யும் வாரியமான லெம்பாகா ஆர்கிடெக் மலேசியா வகுத்த பாதையில் இளங்கலை பார்ட் 1, முதுகலை பார்ட் 2, அதன் பிறகு தொழில்முறைத் தேர்வு பார்ட் 3. இப்போது வாங்குவது பார்ட் 1 வரை தாங்கினால் போதும். பார்ட் 3 வரைக்கும் சேர்த்து இன்றே வாங்க நினைக்காதீர்கள்.

மாமா மேக்புக் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
*– மாணவர், கோலகங்சார்*

மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, முதலில் பல்கலைக்கழகத்தில் ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளைக் கற்றுத் தருகிறார்களா என்று கேளுங்கள், தம்பி. ரெவிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரைனோ, ஆர்ச்சிகேட் என்ற மற்ற வரைபட மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் மேக் பதிப்பு உண்டு. ஆனால் ரெவிட் ஒன்று இடித்தாலும் குழு வேலையில் நீங்கள் தனியாக நிற்பீர்கள். பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டார்கள். இப்போதைய மேக்கில் உள்ள ஆப்பிளின் எம் சிப்பில் அந்த வழி இல்லை.

எல்லா மென்பொருளையும் சேர்த்து 150 வெள்ளிக்குப் போட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம். அந்தக் கள்ளப் பிரதிகளைப் போடும்போது பெரும்பாலும் முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது மாதிரி. ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் அவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. ஓராண்டுக்குக் கிடைக்கும், மாணவர் என்பதைக் காட்டி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

போடும்போது ஸ்டூடியோவில் (வரைகலை வகுப்பில்) எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரெவிட் 2025இல் சேமித்ததை 2024இல் திறக்க முடியாது, பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமிக்கவும் வழியில்லை. ஒருவர் மட்டும் புதியதைப் போட்டுக்கொண்டால் குழு முழுவதும் அல்லாடும்.

நாங்கள் இருப்பது பழைய லயத்து வீடு. மாலையில் இடி, மின்னல், கரண்ட் போவது வழக்கம். விடுமுறையில் மகன் இங்கே வேலை செய்ய முடியுமா?
*– தோட்டத்து அப்பா*

முடியும். மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று, அதனால் கொஞ்சம் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனால் கைகொடுக்கும் யுபிஎஸ் பெட்டி வாங்கத் தேவையில்லை. வானம் கறுத்ததும் சார்ஜரைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். மோடத்திலிருந்து லேன் வயர் வருகிறதென்றால் அதையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பு எக்ஸ்டென்ஷன் வாங்கினால், முதலில் ஒயர்மேனைக் கூப்பிட்டு வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில் அது முழுப் பாதுகாப்பு தராது.

தகரக் கூரை வீட்டில் மதிய வெக்கை வேறு. பெரும்பாலான லேப்டாப் அடிப்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கும். மெத்தையில் வைத்தால் மூச்சு முட்டி, வேகம் தானாகக் குறைந்துவிடும். மேசையில் வையுங்கள், கட்டடப் படத்தை உருவாக்க மெஷின் நெடுநேரம் உழைக்கும் ரெண்டரிங் வேலையை இரவுக்குத் தள்ளுங்கள்.

கரண்ட் போனதாலோ மென்பொருள் சிக்கியதாலோ ஆட்டோகேட் கோப்பு கெட்டுப்போனால் பயப்படாதீர்கள். அதே பெயரில், வால் மட்டும் '.பிஏகே' (.bak) என்று பக்கத்திலேயே ஒரு கோப்பு இருக்கும். அதை வேறொரு இடத்துக்கு நகலெடுத்து, வாலை '.டிடபிள்யூஜி' (.dwg) என்று மாற்றினால் முந்தைய சேமிப்பு திறக்கும். வால் தெரியவில்லை என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' காட்டச் சொல்லுங்கள். ஆனாலும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, லைன் கிடைக்கும்போது இணையச் சேமிப்பான கிளவுடில் ஒரு பிரதி கட்டாயம். சமர்ப்பிப்புக்கு முந்தைய இரவு கோப்பைத் தொலைத்தேன் என்றால் எந்த விரிவுரையாளரும் கேட்க மாட்டார்.

பிரின்டர், வரைபலகை எல்லாம் இப்போதே வாங்கிவிடலாமா, அண்ணே?

பிரின்டர் வேண்டாம். நீங்கள் அச்சிடப் போவது ஏ1 தாள், 594க்கு 841 மில்லிமீட்டர். வீட்டு பிரின்டரில் அது வராது. முதல் செமஸ்டரில் கைவேலை அதிகம், ஆனால் வரைமேசை ஸ்டூடியோவிலேயே இருக்கிறதா என்று பதிவு நாளில் சீனியர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஸ்கேல் ரூலர், வெட்டும் பாய், நல்ல கத்தி, டெக்னிக்கல் பேனா மூன்று, இவை எங்கும் தேவைப்படும். அப்புறம் சக்கரம் உள்ள மவுஸ். சக்கரத்தை அழுத்தி இழுத்துத்தான் வரைபடத்தை நகர்த்த வேண்டும், டச்பேடில் நாள் முழுக்க வரைந்தால் விரல் போய்விடும்.

மிச்சக் காசைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் மாடல் போர்டும் பெரிய தாளில் அச்சிடும் பிளாட்டிங் செலவும் மறுபடி மறுபடி வரும்.

பணத்துக்கு என்ன வழி?

பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பெரும்பாலும் பதிவுக்குப் பிறகுதான் கைக்கு வரும், லேப்டாப்புக்கு அதை நம்ப வேண்டாம். தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப்பில் 2024 மே முதல் மூன்றாவதாக ஒரு நெகிழ்வுக் கணக்கு உண்டு. 55 வயதுக்குக் குறைந்தவர்கள் அதில் இருப்பதைக் குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். வருமான வரி கட்டும் பெற்றோர் பில்லைத் தங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வாங்கிய லேப்டாப்பும் 2,500 வெள்ளி வாழ்க்கைமுறை வரிவிலக்கில் அடங்கும். பில்லை ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

அலுவலகத்தில் ஓடிய பழைய லேப்டாப் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

முதலாண்டை ஓட்டலாம். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் புதிதாக இருந்தபோது உள்ள கொள்ளளவும் இப்போதுள்ளதும் இருக்கும், பாதிக்குக் கீழே போயிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கடையிலேயே ஒருமுறை ரீசெட் செய்து காட்டவும் சொல்லுங்கள். ரீசெட் ஆன பிறகு பழைய கம்பெனியின் இமெயிலைக் கேட்டால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் பெயரில்தான் பூட்டியிருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.